உப்பு வெந்நீர்க் குளத்துக்குப் பம்பும் சூடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பனை விலை இறங்கும்போதெல்லாம் பேராக்கின் சிலிம் ரிவர் பக்கம் ஒரு பேச்சு எழும்: உலு சிலிமில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, நாமும் ஒரு குளம் கட்டினால் என்ன? இப்போது அந்தப் பேச்சோடு உப்பும் சேர்ந்துகொண்டது. ஐஸ்லாந்துக் குளங்களின் படங்களை எல்லாரும் கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள். பம்பு, குழாய் வேலை பார்க்கும் எங்களிடம் வந்து விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். டைல்ஸ் நிறம், விளக்கு அலங்காரம் எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

எங்கள் ஊற்றில் உப்பே இல்லையே, உப்பு வெந்நீர்க் குளம் எப்படிச் சாத்தியம்?

மேற்கு மலேசியாவில் எரிமலை கிடையாது. மழைநீர் தித்திவாங்சா மலையின் கருங்கல் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. மழைநீர் என்பதால் பெரும்பாலும் நன்னீர்தான். லங்காவியின் ஆயர் ஹங்காட் மாதிரி உப்பு ஊற்றுகள் நம் நாட்டில் அபூர்வம்.

வெளிநாட்டில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஐஸ்லாந்தின் ப்ளூ லகூன், 1976இல் தொடங்கிய ஸ்வார்ட்செங்கி மின்நிலையம் வெளியே விட்ட உப்பு வெந்நீரில் உருவானது. கடல்நீரும் நன்னீரும் நிலத்துக்கடியில் கலந்து வந்த நீர் அது. வடக்கே ஹூசாவிக் ஊரில் கதை வேறு. வீடுகளைச் சூடாக்கலாம் என்று போன நூற்றாண்டின் நடுவில் துளை போட்டார்கள். வந்த நீரில் தாது அதிகம், வீட்டுக் குழாய்க்கு ஆகாது. அதை வீணாக்காமல் சீஸ் செய்யும் பழைய தொட்டி ஒன்றில் பிடித்து, தோல் நோய்க்காரர்கள் குளித்து வந்தார்கள். 2018இல் அதே நீரை வைத்து முறையான குளமே திறந்துவிட்டார்கள். ஆழ்துளையிலிருந்து வரும் நீர் குளம் குளமாக வழிந்து கடலுக்கே திரும்பிவிடுகிறது.

நமக்கு அந்த வசதி இல்லை. உள்நாட்டில் இருக்கிறோம், வழிந்தோடும் நீரை வாங்கிக்கொள்ளக் கடல் இல்லை. ஆகவே நம் வழி: நன்னீர் ஊற்றிலிருந்து சூட்டை மட்டும் எடுப்பது, குளத்து நீரில் உப்பைப் போட்டு அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடுவது. இரண்டையும் பிரித்து நிற்பது ஹீட் எக்ஸ்சேஞ்சர். மெல்லிய தகடுகளுக்கு ஒரு பக்கம் ஊற்று நீர், மறுபக்கம் குளத்து நீர். கலக்காமல் சூடு மட்டும் கைமாறும்.

எவ்வளவு உப்பு போட வேண்டும்?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100,000 லிட்டர் குளத்தை அந்த அளவுக்குக் கொண்டுவர மூன்றரை டன் வேண்டும். 1 சதவீதத்துக்கு ஒரு டன் போதும். எங்கள் ஓட்டு 1 சதவீதத்துக்கே: உடம்பின் உப்பளவுக்குக் கிட்டத்தட்ட சமம், கண் எரியாது, பம்புக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டியதாக இருக்கும்.

ஊற்றே கொதிக்கிறது. அப்புறம் ஹீட்டர் எதற்கு?

பெரும்பாலும் வேண்டாம். இதைச் சொன்னால் ஹீட்டர் விற்பவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் கணக்கைப் பாருங்கள்.

80 சதுர மீட்டர் பரப்பும் ஒன்றேகால் மீட்டர் ஆழமும் உள்ள குளம் என்று வைப்போம். அது 100 கன மீட்டர், அதாவது 100,000 லிட்டர். ஒரு கன மீட்டர் நீரை 1 டிகிரி ஏற்ற 1.16 கிலோவாட்-மணி தேவை. 27 டிகிரியிலிருந்து 39க்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,400 கிலோவாட்-மணி. ஊற்று நீர் 80 டிகிரியில் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் நுழைந்து 45இல் வெளியேறினால், ஒவ்வொரு கன மீட்டரும் சுமார் 40 கிலோவாட்-மணியை விட்டுச் செல்லும். ஆக முதல் தடவை குளத்தைச் சூடேற்ற 35 கன மீட்டர் ஊற்று நீர் போதும்.

அதற்குப் பிறகு சூட்டைத் தக்கவைப்பது இன்னும் எளிது. திறந்த குளம் சூட்டை இழப்பது முக்கியமாக நீர் ஆவியாவதால். நம் ஊரின் ஈரக் காற்று அதைக் குறைத்துவிடுகிறது. மேலே சொன்ன குளம், காற்று அமைதியான இரவில் சுமார் 40 கிலோவாட்டும், மெல்லிய காற்று வீசினால் 70 கிலோவாட் வரையும் இழக்கும். ஈடுகட்ட மணிக்கு ஒன்று முதல் இரண்டு கன மீட்டர் ஊற்று நீர். தோட்டத்து லயத்துக் குழாயில் காலையில் இதைவிட அதிகம் ஓடும். ஐஸ்லாந்துக்காரன் பனிக்காற்றோடு போராடுவதற்காக வாங்கும் பெரிய கருவியைப் பார்த்து நாமும் வாங்க வேண்டியதில்லை.

நம் கவலை நேரெதிரானது. குளம் 39ஐத் தாண்டி ஏறிவிடக் கூடாது. பட்டப்பகலில் வெயிலும் சேரும். எனவே ஹீட்டருக்கு வைத்த காசை, ஊற்று நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் நல்ல வால்வுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் மாற்றிவிடுங்கள். ஊற்று 50 டிகிரிக்குக் கீழே இருந்து நீரும் குறைவாக வந்தால் மட்டும் காற்றின் சூட்டை இழுத்து நீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றைத் துணைக்கு வைக்கலாம். நம் காற்று எப்போதும் சூடாக இருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும்.

316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பு என்றால் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்கிறாரே?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதிகம் பணம் போகும் இடமும் இதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே ஊசி குத்தியது போலத் துளைக்கும். வெளியே பளபளப்பு குறையாது, உள்ளே குழி ஆழமாகிக்கொண்டிருக்கும். பொதுவாகச் சொல்லும் எல்லை இது: 304 ரகம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை, 316 ரகம் 1,000 வரை. அதுவும் சாதாரணச் சூட்டில், நீர் ஓடிக்கொண்டிருந்தால். 1 சதவீத உப்புக் குளத்தில் 6,000 இருக்கும். கடல்நீரில் 19,000. சூடு ஏற ஏற அந்த எல்லையும் கீழே இறங்கும்.

இன்னொரு வகைச் சேதமும் உண்டு. இழுவிசையில் இருக்கும் ஸ்டீல், குளோரைடு, சூடு மூன்றும் சேர்ந்தால் உலோகம் முன்னறிவிப்பில்லாமல் விரிசல் விடும். 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் ஊரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். குளத்து நீரே அவற்றின் மேல் படவில்லை, குளோரின் கலந்த காற்று மட்டும்தான் பட்டது. ஆகவே குளத்துக்கு மேலே எதையாவது தொங்கவிட நினைத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? ஹீட் எக்ஸ்சேஞ்சரின் தகடுகள் டைட்டானியமாக இருக்கட்டும். விலை கூடுதல்தான். ஆனால் அந்தத் தகட்டில் ஒரு ஓட்டை விழுந்தால் உப்பு நீர் ஊற்றுப் பக்கம் போய்விடும். அங்கே பேரம் பேசாதீர்கள். சுற்றோட்டப் பம்புக்கு உலோகத்தை மறந்துவிட்டு, பிளாஸ்டிக் உடலும் பிளாஸ்டிக் இம்பெல்லரும் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) உள்ள உப்பு நீர்க் குளத்துப் பம்பு வாங்கலாம். 40 டிகிரிக் குளத்துக்கு அது தாராளமாகத் தாங்கும். வாங்கும்போது தண்டு உப்பு நீரைத் தொடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். உடல் பிளாஸ்டிக், தண்டு 304 என்று ஒரு கலப்படம் உண்டு. உலோகம்தான் வேண்டும் என்றால் உப்பைத் தாங்கும் உயர் ரக ஸ்டீலான சூப்பர் டூப்ளெக்ஸ் அல்லது அலுமினியம் கலந்த வெண்கலம். ஊற்று நீரில் அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தப் பக்கத்தில் செம்பு, பித்தளை எதுவும் வேண்டாம், கறுத்து அரித்துவிடும்.

மெக்கானிக்கல் சீல் அடிக்கடி போகிறது, என்ன காரணம்?

பம்புத் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுப்பது இந்தச் சீல், ஒன்றோடொன்று உரசும் இரண்டு முகம் அதற்கு உண்டு. பம்பு நின்றதும் அந்த முகங்களுக்கு இடையில் இருந்த உப்பு நீர் காய்ந்து படிகமாகிறது. மறுபடி ஓட ஆரம்பித்ததும் அந்தப் படிகம் சீலை ராவிவிடும். இரண்டு முகமும் சிலிக்கான் கார்பைடாக உள்ள சீல் போட்டால் நீண்ட நாள் நிற்கும். அதைவிட முக்கியம், பல நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பம்பை நன்னீரால் கழுவிவிட்டு நிறுத்துவது. சீலே இல்லாத காந்தப் பம்பும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் நீரில்லாமல் ஓடினால் சில நிமிடத்தில் பேரிங் போய்விடும். ஓட்டம் நின்றால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் அதை மாட்டவே கூடாது.

அண்ணே, பம்புக்குள்ளே கல்லு உருளுற மாதிரி சத்தம் வருதே?

கல் இல்லை, நீராவிக் குமிழிகள். பம்பு நீரை இழுக்கும்போது வாயில் அழுத்தம் குறைகிறது. சூடான நீர் குறைந்த அழுத்தத்திலேயே கொதிக்கும். அந்தக் குமிழிகள் இம்பெல்லருக்குள் உடைந்து உலோகத்தையே கொத்தித் தின்னும்.

நீரைப் பம்புக்குள் தள்ளுவது காற்றழுத்தம்தான், அது நமக்குக் கொடுப்பது 10.3 மீட்டர் நீர் உயரம். 40 டிகிரி நீர் அதில் முக்கால் மீட்டரை எடுத்துக்கொள்ளும். 80 டிகிரி நீர் 4.8 மீட்டரைத் தின்றுவிடும். மிச்சத்தில் குழாய் உராய்வு, பம்பு தனக்கென்று கேட்கும் அளவு எல்லாம் போனால் மேலே இழுக்க ஒன்றும் இருக்காது. கிணற்றுத் தண்ணீர் இழுத்த பம்பை அப்படியே ஊற்றில் வைத்து, கம்பெனியைத் திட்டுபவர்களுக்குப் பதில் இதுதான். பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள், இழுக்கும் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் போடுங்கள், அந்தப் பக்கத்து வால்வை ஒருபோதும் பாதி மூடாதீர்கள்.

ஊற்றுக்குள் மூழ்கும் பம்பு போடலாமா?

சாதாரண மூழ்கும் மோட்டாரைச் சுற்றியுள்ள நீர்தான் குளிர்விக்கிறது. பெரும்பாலான மோட்டார்களைச் சுமார் 30 டிகிரி நீருக்கு என்று வடிவமைக்கிறார்கள். 70 டிகிரி ஊற்றில் இறக்கினால் சுருள் வெந்துவிடும். வெந்நீருக்கான தனி மோட்டார் கிடைக்கும், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் முதலில் பம்பே இல்லாமல் இறக்கத்தில் ஓடவிட முடியுமா என்று பாருங்கள். மேலே கணக்குப் போட்டோமே, மணிக்கு இரண்டு கன மீட்டர். அதற்குப் பல இடங்களில் சரிவே போதும்.

குழாய்க்கு நீல பாலி பைப் சரியா?

குளத்துப் பக்கம் 40 டிகிரிதான், அங்கே எச்டிபிஈயும் (நீங்கள் கேட்கும் பாலி பைப் இதுதான்) பிவிசியும் தாங்கும். ஆனால் பைப்பில் அச்சிட்ட அழுத்தம் 20 டிகிரிக்கானது. 40இல் ஏறக்குறைய முக்கால் பங்குதான் கணக்கு. ஊற்றுப் பக்கம் இரண்டுமே ஆகாது, 60 டிகிரியில் பிவிசியின் பலம் கால்வாசிக்கும் கீழே போய்விடும். அங்கே வெந்நீருக்கான பிவிசி ரகமான சிபிவிசி போடுங்கள். நீட்சியையும் மறக்க வேண்டாம்: 10 மீட்டர் எச்டிபிஈ 40 டிகிரி சூடேறினால் சுமார் 8 சென்டிமீட்டர் நீளும். சுவரில் இறுக்கிக் கட்டினால் எங்காவது ஒரு மூட்டு பிய்த்துக்கொள்ளும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெள்ளையாகப் படிகிறது. உப்பா?

பெரும்பாலும் உப்பு இல்லை, உப்பு அவ்வளவு எளிதில் படியாது. சுண்ணாம்பாக இருக்கலாம். ஆழத்திலிருந்து வரும் நீரில் கரைந்திருந்த கரியமில வாயு மேலே வந்ததும் பிரிந்துபோகிறது, அதைத் தொடர்ந்து கால்சியம் கார்பனேட் படிகிறது. அல்லது சிலிக்காவாக இருக்கலாம். சிலிக்கா சூட்டில் கரையும், குளிர்ந்தால் வெளியே வரும். ப்ளூ லகூனின் பால் நீலமும் அடியிலுள்ள வெள்ளைச் சேறும் அதுதான். அவர்கள் அதை முகத்தில் பூசிக் காசு பார்க்கிறார்கள், நமக்கு அது தகடு அடைப்பு.

கொஞ்சம் சுரண்டி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, சிட்ரிக் அமிலத்தைச் சுற்றி ஓடவிட்டால் கரையும். நுரைக்கவில்லை என்றால் சிலிக்காவாக இருக்க வாய்ப்பு அதிகம், அமிலத்துக்கு அசையாது. தகட்டைக் கழற்றித்தான் தேய்க்க வேண்டும். அதனால் ஒட்டிப் பற்றவைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டாம், போல்ட்டும் கேஸ்கட்டும் போட்டுக் கழற்றக்கூடியதை வாங்குங்கள். சின்னதாக இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டீலைத் தின்னும். குளோரினோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் விஷவாயு வரும்.

இடி மின்னலில் கரண்டு போனால் என்ன ஆகும்?

மாலை நேர மழையில் கரண்டு போவது நமக்குப் புதிதில்லை. பயப்பட வேண்டியது குளம் ஆறிவிடும் என்று இல்லை. 100 கன மீட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி கூட இறங்காது. ஆபத்து வேறு இடத்தில். குளத்துப் பம்பு நின்று, ஊற்று நீர் சரிவில் ஓடிக்கொண்டே இருந்தால், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் மாட்டிக்கொண்ட குளத்து நீர் ஊற்றின் சூட்டுக்கே ஏறிவிடும். கரண்டு வந்ததும் அது நேராகக் குளத்து வாய்க்கு வரும். 60 டிகிரி நீர் சுமார் ஐந்து விநாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். எனவே ஊற்றுப் பக்கத்து வால்வு, கரண்டு போனால் ஸ்பிரிங் விசையில் தானே மூடிக்கொள்ளும் ரகமாக இருக்க வேண்டும். இதை எங்கள் வேலையில் விட்டுக்கொடுப்பதில்லை.

மற்றபடி இரண்டு பம்பு போட்டு, வாரம் மாற்றி வாரம் ஓட்டுங்கள். ஒதுக்கி மூடிவைத்த ஸ்பேர் பம்பு தேவைப்படும் நாளில் இறுகிக் கிடக்கும். மின்னல் பாதுகாப்புக் கருவி, கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி., குளத்துக் கம்பிகளை எல்லாம் ஒன்றாக எர்த் செய்வது, இவற்றை உரிமம் பெற்ற வயர்மேனிடமே விடுங்கள். மின்பலகையைப் பம்பு அறைக்குள் வைக்காதீர்கள், உப்புக் காற்று அதைச் சீக்கிரம் முடித்துவிடும்.

இன்வெர்ட்டர் போட்டால் கரண்டு பில் குறையுமா?

நன்றாகக் குறையும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி அது. சுற்றோட்டப் பம்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும். இரவில் ஆள் இல்லாதபோது வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். உயரத்துக்கு ஏற்றும் பம்புக்கு இந்த அளவு பலன் இருக்காது.

மழைநீர் குளத்தில் விழுந்தால்?

100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நம் குளத்தில் 8 கன மீட்டர் நன்னீர் சேரும். அதே அளவு உப்பு நீர் வழிந்தோடும், கிட்டத்தட்ட 80 கிலோ உப்போடு. கூரை போடுவதே மலிவு. உப்புக் கழிவு, ஃபில்டர் கழுவிய நீர் எதையும் தோட்டத்து வாய்க்காலில் விடாதீர்கள். தென்னை ஓரளவு தாங்கும், செம்பனையும் பால்மரமும் தாங்காது, பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் சும்மா இருக்க மாட்டார். கழிவுக்கு என்ன செய்வது என்று சுற்றுச்சூழல் இலாகாவிடமும், ஊற்று நீர் எடுப்பது பற்றி நில அலுவலகத்திலும் முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பம்பு வாங்குவது அதற்குப் பிறகு.

உப்பு நீரில் கிருமி வராது தானே?

வரும். 38 டிகிரி என்பது லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் நெக்லேரியா என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், 46 டிகிரி வரை தாங்கும். கடல்நீரில் அது பிழைக்காது, ஆனால் 1 சதவீத உப்பை நம்பிக் குளோரினை நிறுத்தக் கூடாது. உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் கருவி வசதியானது. வழக்கமான ரகங்கள் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் உப்புக்கானவை, உங்கள் குளத்து உப்பு அதைவிட அதிகம் என்பதைச் சொல்லி வாங்குங்கள். அதில் ஹைட்ரஜனும் உண்டாகும், நீர் ஓடாதபோது கருவி தானே நிற்க வேண்டும்.

குளத்துச் சூடு எவ்வளவு இருக்கலாம்?

38, 39. 40ஐத் தாண்ட வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பம்பு குழிக்குள் இறங்கும்போது வாடை அடித்தால்?

இறங்காதீர்கள். ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், அதனால் 'வாடை நின்றுவிட்டது' என்பது நல்ல செய்தி இல்லை. செம்பனை மில்லில் தொட்டிக்குள் இறங்கும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு தெரியும்: காற்றோட்டம், வாயு மீட்டர், மேலே ஒரு ஆள்.

தினமும் யார் பார்த்துக்கொள்வது?

மில்லில் பாய்லர், பம்பு பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னும் பின்னும் அழுத்தம், நான்கு குழாய்வாயிலும் சூடு, மோட்டார் இழுக்கும் ஆம்பியர், குளத்து உப்பு. முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்த வித்தியாசம் வாரா வாரம் ஏறினால் தகடு அடைக்கிறது. ஊற்றுப் பக்கம் வெளியேறும் நீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் உப்பு மீட்டரால் பாருங்கள். உப்பு காட்டினால் தகடு அல்லது கேஸ்கட் ஓட்டை. அன்றே நிறுத்திக் கழற்றுங்கள்.